கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தட்டுகள்

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே உன் இருமல் விட்டதா இல்லையா என்பதை முதலில் எழுது, மற்ற சேதியெல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். பால் மாதிரிகள் வைக்கிற குளிர் அறைக்குள் போகும் முறை உனக்கு வரும்போது அந்தக் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போ, இரண்டு நிமிட வேலைதானே என்று சட்டையோடு ஓடாதே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் நெஞ்சில் சளி பிடிக்கிறது. ஊரார் குடிக்கிற பாலில் சத்து சரியாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பரிசோதிக்கிறவள் தான் மட்டும் காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது எனக்கு விளங்கவே இல்லை. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் சரி, சாப்பிட்டேன், பிறகு பேசுகிறேன் என்று ஒற்றை வரியில் பதில் போட்டுக்கொண்டிருந்தேன், அம்மாவுக்கு என்ன ஆச்சு, ஏன் மேனேஜர் மாதிரி பதில் போடறாங்க என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம். ஒன்றும் ஆகவில்லை. நான் மறுபடியும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பு தொடங்கி முதல் வாரம் முடிந்தும் விட்டது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ முதலில் கத்துவாய், பிறகு சிரிப்பாய், பிறகு உன் அறைத்தோழியைக் கூப்பிட்டு அவளிடமும் சொல்வாய், நான் சொல்ல வந்தது பாதியில் தொங்கும். எழுதினால் முடிகிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. விண்ணப்பம் போட்டதையும் உன்னிடம் சொல்லவில்லை, இடம் கிடைக்காமல் போனால் ஏமாற்றம் ஒருத்தியோடு நிற்கட்டுமே என்று நினைத்தேன். கிடைத்தது. அதே கல்லூரி, அதே தாவரவியல் முதுகலை, நான் விட்ட இடத்திலிருந்து அல்ல, முதல் வருடத்திலிருந்து. ஆனால் சேர்ந்த வாரத்திலேயே அந்த இடம் எனக்கு நிலைக்குமா என்று ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று, அதில் உன்னையும் உன்னைக் கேட்காமல் இழுத்துவிட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் முறையாக எழுதுகிறேன். வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. அப்பாவுக்குப் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய குடியிருப்பில் லிஃப்ட் பராமரிப்பு வேலை வந்திருக்கிறது, குழிக்குள் இறங்கினால் போன் எடுக்காது, மேலே ஏறி வந்த பிறகுதான் மனிதர் கிடைப்பார். உன் மேசையை நான் எடுத்துக்கொண்டேன். உன் பொருள்களைத் தூக்கிப்போடவில்லை, அலமாரியின் கீழ்த்தட்டில் அப்படியே இருக்கின்றன, இழுப்பறையில் கிடந்த காய்ந்த நெயில் பாலிஷ் புட்டிகளை மட்டும் கேட்காமல் குப்பையில் போட்டேன். தூக்கிப்போடுவது என்றதும் ஞாபகம் வருகிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

முதல் நாள் போனபோது காவலாளி என்னை நேராக அலுவலகத்துக்கு அனுப்பினார், பெற்றோர்கள் அங்கேதான் போக வேண்டும் என்றார். நான் மாணவி என்றதும் அடையாள அட்டையை வாங்கி என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, போட்டோ நல்லா விழுந்துருக்கும்மா என்று மட்டும் சொன்னார். வகுப்பில் பெரும்பாலும் உன் வயதுக்காரர்கள், சிலர் உன்னைவிடச் சின்னவர்கள். இரண்டாவது வரிசையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு இப்போது கரும்பலகை கண்ணாடி இல்லாமல் தெரிகிறது, நோட்டு கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது, அதனால் ஒரு மணி நேரமும் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். பின் வரிசையில் அதை எண்ணிப் பந்தயம் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வருகை எடுக்கும்போது எல்லோரும் எஸ் மேம், எஸ் மேம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள், என் முறை வந்தபோது எனக்கு வாயில் வந்தது ஆங், இருக்கேன் என்பதுதான், அடுப்படியிலிருந்து அத்தைக்குச் சொல்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள், ஆசிரியையும் சிரித்தார். அது ஒன்றும் தப்பான சிரிப்பு இல்லை.

ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். என் ஜோடியாக வந்தவளை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காலையில் போட்டால் மாலை வரை நிற்காது. திங்கட்கிழமை என்னை மேடம் என்றாள், செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி என்றாள், நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போலிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து அக்கா. கெட்டிக்காரி. தண்டை ஈரப் பிளேடால் சீவி நுண்ணோக்கியில் வைக்கிற பயிற்சியில் அவள் சீவல் ஒவ்வொன்றும் வெங்காயத் தோல் மாதிரி இருந்தது, என்னுடையது நறுக்கிப் போட்ட வாழைக்காய் மாதிரி இருந்தது. இத்தனை வருடம் காய் நறுக்கிய கைக்கு இதெல்லாம் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கை விரலிலிருந்து நறுக்கப் பழகியிருக்கிறது, இங்கே தோளிலிருந்து இழுக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமையே எங்கள் எல்லோருக்கும் இன்னொரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் இலையைக் கொண்டுவந்து, மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் காரக் கரைசல் ஊற்றி ஊறப்போட வேண்டும். நாள் ஆக ஆகப் பச்சை கழன்று சதை கரைந்து கடைசியில் நரம்பு மட்டும் வலை போல நிற்கும், அதற்குச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் அவசரப்பட முடியாது, பொறுத்துப் பொறுத்துக் கரைசலை மாற்ற வேண்டும். நடுவழியில் அதைப் பார்க்க நன்றாக இருக்காது. கரைசல் பழுப்பாகி, இலை துவண்டு, நேற்று மிஞ்சிய கீரை மாதிரி இருக்கும், ஒரு மாதிரி நெடியும் வரும். எல்லோருடைய தட்டும் ஜன்னல் பலகையில் வரிசையாக இருந்தது. புதன்கிழமை மாலை தண்டு சீவுகிற வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நின்றேன், அது தலையில்தான் இருந்தது. தொட்டி நிறைய அன்றைக்குப் பயன்படுத்திய பாத்திரங்கள் கிடந்தன, மேசையெல்லாம் சாயச் சொட்டு. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. புடவையைச் செருகிக்கொண்டு கழுவ ஆரம்பித்தேன். நாளைக்கு ரேடியோவிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம், அத்தைக்கு ராத்திரி மாத்திரை தீர்ந்துவிட்டதே, நீ ஏன் நேற்று படம் அனுப்பவில்லை என்று மூளை வேறு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது, கை அதன் வேலையைப் பார்த்தது. தொட்டியில் இருந்ததை முடித்து, மேசையில் இருந்ததை முடித்து, ஜன்னல் பலகையில் இருந்ததையும் எடுத்து, மூடியைத் திறந்து, கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, மர அடுக்கில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எல்லோருடையதும். என்னுடையதும். வாசலில் சாவியோடு ஆய்வக உதவியாளர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்து வெளியே வந்தபோது மனம் நிம்மதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒரு வேலை முழுசாக முடிந்த மாதிரி.

வியாழக்கிழமை காலையில் நான்தான் கடைசியாக உள்ளே போனேன், பஸ் தாமதம். எல்லோரும் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்கள். பலகை காலியாக இருந்தது, மர அடுக்கில் தட்டுகள் வெயிலில் பளபளத்தன. ரேடியோ பேசாமல் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் இலை அவர்கள் வீட்டுப் பக்கத்து மரத்தில் ஏறிப் பறித்தது, நரம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது என்று முந்தின நாள் எனக்குத்தான் முதலில் காட்டினாள். பின்னாலிருந்து யாரோ, யாருப்பா இது இவ்வளவு சுத்தமா என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அப்போதும் யாரும் கத்தவில்லை. உதவியாளர்தான் பாவம் என் பக்கமாகப் பேச வந்து, இந்தம்மா கழுவுறதைப் பார்த்தேன், புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்கன்னு நினைச்சு விட்டுட்டேன் என்றார். அதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு திங்கட்கிழமைச் சிரிப்பு இல்லை.

துறைத்தலைவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒரு வயது கூடக் குறையலாம். கோபப்பட்டிருந்தால் தேவலை. அடுக்கைப் பார்த்தார், ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இது உங்க வீட்டு சமையலறை இல்லையே என்று தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். தெரியும் மேடம் என்றேன். தெரியும்தான், இதே ஆய்வகத்தில் இதே பயிற்சியை நான் முன்பு செய்திருக்கிறேன், தெரிந்து என்ன. மற்றவர்களுக்கு இன்னொரு வாரம் கொடுத்து, வேறு இலை கொண்டுவரச் சொல்லிவிட்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு அஞ்சல் வழியில் இதே பட்டம் இருக்கிறது, வருடத்தில் சில நாள் வந்தால் போதும், வீட்டில் இருந்தபடியே படிக்கலாம், யோசித்துப் பாருங்கள் என்றார். இதற்கு முன் என்னை மாதிரி இரண்டு பெண்கள் வந்து சேர்ந்து, ஒருத்தி மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றும் இன்னொருத்தி பிள்ளைக்குப் பரீட்சை என்றும் பாதியில் நின்றுவிட்டார்களாம், இரண்டு இடமும் வீணாகப் போயிற்றாம், வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போயிற்றாம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வருடத் தொடக்கத்தில் எல்லா மாணவர்களும் வீட்டிலிருந்து பெற்றோரையோ காப்பாளரையோ கூட்டி வந்து அவரைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். திங்கட்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்து, உங்களுக்கு யாரைக் கூப்பிடறது, விடுங்க என்று சொல்லியிருந்தார். இப்போது, நாளைக்கு நீங்களும் வீட்டிலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, பேசி முடிவு பண்ணலாம் என்றார். பாடத்தை நான் வீட்டிலும் படிப்பேன் பூனைக்குட்டி. நுண்ணோக்கி வீட்டில் இல்லை. அதற்காகத்தானே போனேன்.

சாயங்காலம் அப்பா கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வந்து நான் என்ன சொல்லணும் என்றார். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்ல வேண்டும் என்றேன். என் சம்மதம் எதுக்கு, நானா படிக்கப் போறேன் என்றார். அத்தை உள்ளேயிருந்து, பொண்ணு மேல கம்ப்ளெயின்ட் வந்தா அம்மா போவா, அம்மா மேலயே வந்தா யாரு போறது, நான் வேணா முழங்காலைத் தூக்கிட்டு வரேன் என்று குரல் கொடுத்தார். அத்தை கேலி பேசினாலும் நான் போகிற நாள்களில் மதியச் சாப்பாட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், உப்பு மட்டும் இரண்டு தடவை விழுந்துவிடுகிறது, அப்பா குறை சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறார். வெள்ளிக்கிழமை ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பரிசோதனை, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று அப்பா சொன்னார். முடியாவிட்டால் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் எதிரே தூணோரம் கூட்டமாக நின்றார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன். பெஞ்சில் இடம் இருந்தது, கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஓர் அம்மா, பஸ் கண்டக்டர் சீருடையில், தோளில் தோல்பை, இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். உங்க பிள்ளை எது என்று கேட்டார். இங்கதான், முதல் வருஷம் என்றேன். பொய் இல்லை. அதற்குப் பிறகு என்னைப் பேசவிடவில்லை. அவர் மகளும் முதல் வருடம்தானாம், வீட்டில் நிறுத்தாமல் பேசுகிற பெண் நேற்று ராத்திரி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாளாம், என்னவென்று கேட்டால் வகுப்பில் யாரோ ஓர் அம்மா படிக்க வந்திருக்கிறாராம், அவர் எல்லோருடைய வேலையையும் கழுவிக் கொட்டிவிட்டாராம். வீட்ல கழுவுற பாத்திரம் பத்தலன்னு இங்க வந்துருக்காங்க போல, அந்தம்மாவை மட்டும் என் பஸ்ல பார்த்தேன், சில்லறை இல்லன்னு நடு ரோட்ல இறக்கிவிட்டுருவேன் என்றார். நானும் கேள்விப்பட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் உன் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நானும் யாரையாவது பற்றிச் சொல்லியிருப்பேன், சொன்ன விதத்தில் எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. அப்போது ரேடியோ எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். அம்மா, இவங்கதான் என்றாள். கண்டக்டரம்மா என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார், டிக்கெட் எடுத்தாயா என்று பார்க்கிற பார்வை. அட, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் என்றார். நீங்கள் பேசினதெல்லாம் சரிதான் என்றேன். அவர் தோல்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, உங்களுக்கு யாரு வந்துருக்காங்க என்று கேட்டார். அவர் வருவார் என்றேன். வரலன்னா சொல்லுங்க, நானே உள்ள வந்து நான்தான் இவங்க அம்மான்னு சொல்லிடறேன், ஒரு பொண்ணுக்கு வந்தவ ரெண்டு பொண்ணுக்கா பார்த்துட்டுப் போறேன் என்றார். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும். ரேடியோ அதுவரை சிரிக்காமல் இருந்தவள் சிரித்துவிட்டாள். அக்கா, இனிமே என் தட்டைத் தொடாதீங்க, வேற எதை வேணா கழுவுங்க என்றாள். சரி என்றேன்.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கண்டக்டரம்மா டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். அப்பா போன் எடுக்கவில்லை. உள்ளே தனியாகப் போய், யாரும் வரவில்லை என்று சொல்ல வேண்டியதுதான் என்று எழுந்தபோது மாடிப்படியில் கருவிப்பை சத்தம் கேட்டது. வேலைச் சட்டையோடு, முன்னங்கையில் கரியோடு வந்தார். இங்க லிஃப்ட் இருக்கு, ஆனா அதுல சத்தம் சரியில்ல, படியில வந்தேன் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன காரணம். நாற்காலி அழுக்காகிவிடும் என்று நுனியில் உட்கார்ந்தார். துறைத்தலைவர் நன்றாகத்தான் பேசினார், என் பழைய மதிப்பெண்களையெல்லாம் எடுத்து வைத்திருந்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார், வீட்டு வேலை, பெரியவர் உடம்பு, போக்குவரத்து எல்லாவற்றையும் விசாரித்தார். எல்லாம் பார்த்துக்கலாங்க என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"இவங்க படிப்பைப் பாதியில விட்டுட மாட்டாங்கன்னு நீங்க உறுதி சொல்ல முடியுமா?"

அப்பா யோசித்தார். அவர் ஒரு லிஃப்டைப் பார்த்துவிட்டு இது ஓடுமா ஓடாதா என்று சொல்வதற்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றது அந்த அறை. பிறகு சொன்னார்.

"முடியாதுங்க. அவ விஷயத்துல நான் உறுதி சொல்லி எதுவும் நடந்ததில்ல. அவகிட்டயே கேளுங்க."

இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்லவா என்று எனக்கு இருந்தது. துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். முந்தின நாளே நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், குடும்பத்தின் ஒத்துழைப்பு, தளராத ஊக்கம் என்றெல்லாம் அதில் இருந்தது, மேடைப் பேச்சு மாதிரி. அது ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எனக்கும் தெரியல மேடம். போன தடவையும் விடமாட்டேன்னுதான் நினைச்சேன். திங்கட்கிழமை வருவேன், அது தெரியும்."

போன தடவை ஏன் நின்றது என்று கேட்டார். கல்யாணம் ஆச்சு, பொண்ணு பிறந்தா என்றேன். இப்போ அந்தப் பொண்ணு எங்கே என்றார். வேலைக்குப் போயிட்டா என்றேன். இதை எழுதுவதால் நீ உட்கார்ந்து எதையாவது நினைத்துக்கொள்ளாதே. நீ வந்தாய், நான் நின்றேன், ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கினால் அது பஸ்ஸின் குற்றமும் இல்லை அவள் இறங்கிய ஊரின் குற்றமும் இல்லை. துறைத்தலைவர் கொஞ்ச நேரம் என் மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் உறுதி கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்காரர்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து உறுதி கொடுத்தவர்கள்தான் என்றார். பிறகு, முதல் பருவம் வரைக்கும் பார்ப்போம், திங்கட்கிழமை வாங்க, அடுத்த திங்கட்கிழமையும் வாங்க என்றார். அதற்கு மேல் அவரும் உறுதி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எழுந்திருக்கும்போது, சொல்லாமல் தொடர்ந்து வகுப்புக்கு வராவிட்டால் கல்லூரி யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், ஒரு போன் எண் கொடுங்கள் என்றார். நான் குழிக்குள்ள இருந்தா போன் எடுக்காதுங்க என்று அப்பா உண்மையைச் சொன்னார். அத்தை எடுத்தால் கேட்ட விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார். நான் உன் எண்ணைச் சொன்னேன். பொண்ணா, பொண்ணு உங்களுக்குக் காப்பாளரா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றேன். ரொம்ப தூரத்துல இருக்காங்களே என்றார். தூரமா இருந்தாலும் எடுப்பா என்றேன். எழுதிக்கொண்டார்.

ஆக, விஷயம் இதுதான். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன், கேட்டிருந்தால் நீ சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பாய், எனக்குச் சிரிக்காத சரி வேண்டியிருந்தது. சனிக்கிழமை புது இலை பறித்துக்கொண்டு வந்தேன், திங்கட்கிழமை ஊறப்போட வேண்டும். ரேடியோ தன் தட்டில் இப்போதே கொட்டை எழுத்தில் கொட்டாதே என்று சீட்டு ஒட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இருக்கிற பயம் பாடத்தைப் பற்றி இல்லை, தட்டுகளைப் பற்றியும் இல்லை, அதெல்லாம் பழகிவிடும். எனக்கு என்னைப் பற்றித் தெரியும். உனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு குரல் கேட்டால் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அங்கே வந்து உன் அறையைப் பெருக்கி, உன் துணியை மடித்து, உனக்குச் சரியான பிறகும் இன்னும் ரெண்டு நாள் என்று இருந்துவிடுவேன், அப்புறம் எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்று அப்படியே நின்றுவிடுவேன். போன தடவை நின்றதும் ஒரே நாளில் இல்லை, இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்றுதான் நின்றது. அதற்காக நீ உடம்பு முடியாமல் கிடக்கும்போதும் என்னிடம் மறைக்காதே, மறைத்தால் அது எனக்கு இன்னும் கேடு, நான் நாளெல்லாம் உன் குரலையே மோந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லு, நான் வருவேன். ஆனால் அங்கே இருக்கும்போது கல்லூரியிலிருந்து உனக்குப் போன் வந்தால் எனக்காக ஜுரம், தலைவலி என்று கதை கட்டாதே. அம்மா இங்கதான் இருக்காங்க, திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துடுவாங்க என்று சொல். சொல்லிவிட்டு என்னை அனுப்பிவை. நான் அழுதாலும், உன் தலைமுடிக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்று சாக்குச் சொன்னாலும், டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டு, வண்டி கிளம்புகிற வரை நின்று பார்த்துவிட்டுப் போ.

நீ நல்லபடியாக இரு, நினைத்தது நடக்கட்டும், கூட வேலை செய்கிறவர்கள் மனம் ஒத்து நடந்துகொள்ளட்டும், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, அப்பாவும் அத்தையும் சொல்லச் சொன்னார்கள். கல்லூரி அலுவலக எண்ணை இதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இன்றைக்கே உன் போனில் பெயர் போட்டுப் பதிந்து வைத்துக்கொள். தெரியாத எண் என்றால் நீ எடுக்க மாட்டாய்.

உன்னிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு,
அம்மா